அக்கா உள்ளே வந்த நாட்கள்

பலூன் பட்டறையில் எல்லோருக்கும் அவள் அக்கா. தம்பிக்கு அது பிறப்பால் வந்த உறவு. பொதி கட்டுகிற பெண்களுக்கு அவள் வாய்க்குக் கொடுத்த மரியாதை. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த மேஸ்திரியும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். ஏன் என்று ஒருமுறை அவளே கேட்டாள்.

"எல்லாரும் அப்படித்தானே கூப்பிடறாங்க. நான் மட்டும் தனியா நின்னு என்ன பண்ணப் போறேன்?" என்றார்.

மேஸ்திரியின் வாழ்க்கைத் தத்துவம் முழுக்க அந்தப் பதிலில் அடங்கிவிட்டது. நல்ல மனிதர், கெட்டிக்கார வேலைக்காரர். ஊர் எதை நம்பினாலும் அதைக் கேள்வி கேட்காமல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்.

பட்டறை என்பது தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம். அப்பா அதைத் தொடங்கி, பிள்ளைகள் இருவர் பேருக்கும் சமமாக எழுதிவைத்துவிட்டுப் போனார். உள்ளறையில் ரப்பர் பால் தொட்டி. பல்பு வடிவப் பீங்கான் அச்சுகளை வரிசையாக மாட்டிய சட்டத்தை, சாயம் கலந்த பாலில் மெல்ல இறக்கி, மெல்லத் தூக்கி, காயவைத்து, கழுத்தைச் சுருட்டி, சூட்டில் வேகவைத்து உரித்தால் பலூன். ஒரு தொட்டிப் பாலைக் கலந்து முக்கி முடிப்பது ஒரு ஈடு. வெளியறையில் பலூன்களை உதறி, நிறம் பிரித்து, பையில் போடுவார்கள்.

பாலில் கடுகளவு திப்பி கட்டினாலும் பலூனில் ஊசி ஓட்டை விழும். ஊதும்போது தெரியாது. குழந்தையின் கைக்குப் போனபிறகுதான் சுருங்கும். குழந்தை அப்பாவிடம் அழும், அப்பா கடைக்காரரிடம் கத்துவார், கடைக்காரர் மொத்த வியாபாரியைப் பிடிப்பார். மொத்த வியாபாரி தம்பிக்குப் போன் போட்டு, அந்தக் குழந்தையைவிடச் சத்தமாக அழுவார்.

இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு கதவு. அக்கா அந்தக் கதவுவரை வரலாம், அதற்கு மேல் கூடாது. இந்தச் சட்டத்தை யாரும் எழுதி ஒட்டவில்லை. எழுதினால் கீழே ஒருவன் கையெழுத்துப் போட வேண்டும், அப்புறம் எவளாவது வந்து அவன் சட்டையைப் பிடிப்பாள். எழுதாத சட்டத்துக்கு அந்தத் தொந்தரவு இல்லை. அதனால்தான் அதற்கு ஆயுள் கெட்டி.

அக்கா புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள். அவன் ஒருநாள் கை ஓங்கினான். இரண்டாவது தடவைக்கு அவள் காத்திருக்கவில்லை. இரண்டு பெட்டியும், தான் ஆசைப்பட்டு வாங்கிய மிக்ஸியுமாக வந்து இறங்கினாள். மறுநாள் காலையிலேயே பட்டறைக்குப் போய், "என் பாதியைப் பார்க்கணும்" என்று உள்ளறைக்குள் நுழைந்தாள். அன்று மின்சாரம் போனது. பாலைக் கலக்கிக்கொண்டிருந்த மோட்டார் நின்றது, பால் ஆடை கட்டியது, ஈடு முழுக்க வீண். அந்தத் தெருவில் அன்று மின்சாரம் போகாத வீடே கிடையாது. எல்லா வீட்டு மின்விசிறியையும் அக்காதான் நிறுத்தினாள் என்று ஒருவரும் சொல்லவில்லை. பலூனுக்கு மட்டும் சொன்னார்கள்.

"வாழ்ந்த வீட்டுல இருந்து வெளிய வந்தவங்க... முதல் அடி வெச்ச நேரம் சரியில்ல போல" என்றார் மேஸ்திரி, மிகுந்த வருத்தத்தோடு. அவருக்கு அக்கா மேல் ஒரு கோபமும் இல்லை. கோபமே இல்லாமல் ஒருத்தியின் வாழ்க்கையில் மண் அள்ளிப் போடுகிறவர்களை என்ன செய்வது?

அதற்குப் பிறகுதான் வினோதம். அக்கா உள்ளே வந்த நாளெல்லாம், சொல்லிவைத்தாற்போல், ஈடு கெட்டது. கதவோடு நிறுத்தினார்கள். சன்னலில் அவள் தலை தெரிந்த நாளிலும் கெட்டது. தம்பி படித்தவன்தான், ராசி கீசி எல்லாம் நம்பமாட்டேன் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பான்.

"நான் நம்பலக்கா. ஆனாலும் ஏதோ நடக்குதுல்ல? எதுக்கு வம்பு? நீ வெளிய இருந்தே பாரேன்."

"நீ நம்பலைன்னா நான் ஏன்டா வெளிய இருக்கணும்?"

"மத்தவங்க நம்பறாங்களே."

"மத்தவங்க யாரு?"

"மேஸ்திரி."

மேஸ்திரியைக் கேட்டால், "முதலாளியே நம்பறாரு, நான் யாரு?" என்றார். இப்படி ஒருவர் தோளில் இன்னொருவர் சாய்ந்துகொண்டு இரண்டு பேரும் விழாமல் நின்றார்கள்.

இதில் பெரிய கொடுமை வேறு. அக்காவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டில் ஒருநாள் பால் திரிந்தபோது, பாத்திரம் சரியாகக் கழுவாததுதான் காரணம் என்று தெரிந்தும், ஒரு கணம் தன் கையை விரித்துப் பார்த்தாள். கதவருகே நிற்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள். பிறகு தன் மேலேயே ஆத்திரம் பொங்கி, நிறம் மாற்றிப் பிரித்ததற்காகப் பொதி கட்டும் பெண்களைத் திட்டினாள். அவர்கள் சரியாகத்தான் பிரித்திருந்தார்கள்.

இரண்டாவது வருடம் மொத்த வியாபாரி அழுவதை நிறுத்திவிட்டு மிரட்ட ஆரம்பித்தார். தம்பி பயந்துபோய், நகரத்துக்கு வெளியே இருந்த அரசாங்க ரப்பர் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஓடினான். சுற்றுவட்டாரச் சிறு பட்டறைகளோடு சேர்ந்து வேலை செய்து, அவற்றைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்று அந்த நிலையத்துக்கு மேலிடத்து உத்தரவு. உத்தரவு வந்து வெகுகாலம் ஆகியும் ஒரு பட்டறையும் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. நிலையத்துக்குப் பட்டறைக்காரர்கள் என்றால் இளப்பம், பட்டறைக்காரர்களுக்கு நிலையம் என்றால் பயம். அதனால் தம்பி வாசலில் தலைகாட்டியபோது, கடையில் முதல் வாடிக்கையாளரைக் கண்டதுபோல் நாற்காலி துடைத்துப் போட்டார்கள்.

அவர்கள் அனுப்பிய விஞ்ஞானிக்குப் பட்டறைப் பெண்கள் வந்த அன்றே பெயர் வைத்துவிட்டார்கள்: ஆனா சார். அவரால் 'ஆனா' போடாமல் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. "பால் நல்லா இருக்கு. ஆனா இன்னொரு தடவை பார்க்கணும். தண்ணி நல்லா இருக்கு. ஆனா மழைக்காலத்துல எப்படின்னு தெரியல." ரப்பரில் டாக்டர் பட்டம் வாங்கியவர், பலூன் வெடித்தால் மட்டும் தூக்கிவாரிப்போட்டு மேசையைப் பிடித்துக்கொள்வார். வெளியறைப் பெண்களுக்கு இது தெரிந்த நாளிலிருந்து பலூன்கள் அடிக்கடி 'தவறி' வெடித்தன.

பால், சாயம், சூடு, காற்றின் ஈரம் எல்லாவற்றையும் அளந்தார். அவர் வரும் நாட்களில் ஈடு பளிங்குபோல் வந்தது. காரணம், விஞ்ஞானி வருகிறார் என்று தம்பி அன்றெல்லாம் அக்காவை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிடுவான்.

"நான் வந்தா நல்லா இருக்கு. ஆனா நான் போனா கெட்டுப்போகுது" என்று குழம்பினார் ஆனா சார். தன்னிடம் ஏதோ விசேஷம் இருக்கிறதோ என்று ஒரு கணம் அவர் கண்ணில் மின்னியதை மறைக்க முடியவில்லை. படிப்பு ஒருவனை அந்த மின்னலிலிருந்து முழுதாகக் காப்பாற்றிவிடாது.

மேஸ்திரி பொறுக்காமல் அவர் காதருகே குனிந்தார். "காரணம் எங்களுக்குத் தெரியும் சார். சொன்னா நீங்க சிரிப்பீங்க."

சொன்னார். ஆனா சார் சிரிக்கவில்லை, திகைத்தார். தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டு, "நான் நம்பல சார். ஆனாலும் அக்காவை இனிமே பட்டறைப் பக்கமே வர வேண்டாம்னு சொல்லிடலாமான்னு யோசனை" என்றான்.

அக்கா அன்று வீட்டில் இருக்கவில்லை. ஏதோ நடக்கிறது என்று மோப்பம் பிடித்துக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"பாலைச் சோதிச்சீங்க. தண்ணியைச் சோதிச்சீங்க. என்னையும் சோதிங்க சார்."

"ராசியை எல்லாம் அளக்க முடியாதும்மா. எங்ககிட்ட அதுக்குக் கருவி இல்ல."

"ராசியை அளக்க வேண்டாம். நான் உள்ள இருந்தா என்ன ஆகுது, இல்லைன்னா என்ன ஆகுதுன்னு பாருங்க. என்னாலதான் கெடுதுன்னு நீங்க சொல்லுங்க, இந்த வாசல்ல காலே வெக்க மாட்டேன். இல்லைன்னு ஆச்சுன்னா, உள்ளறைச் சாவி என் கைக்கு வரணும். சரியாடா தம்பி?"

தம்பி சரி என்பதுபோலவும் இல்லை என்பதுபோலவும் தலையை ஆட்டினான். அக்கா அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பழி சுமத்தியவன்தான் அதை நிரூபிக்க வேண்டும். இந்த நாட்டில் மட்டுமல்ல, எந்த நாட்டிலும் அதுதான் நியாயம். ஆனால் பழி ஒரு பெண்ணின் மேல் விழுந்தால், அவளே விஞ்ஞானியைக் கூட்டி, அவளே மேசை மேல் ஏறிப் படுத்து, 'என்னை அறுத்துப் பாருங்கள், உள்ளே சனி இருக்கிறானா' என்று கேட்க வேண்டியிருக்கிறது. அக்காவுக்கு இது தெரியும். தெரிந்தே கேட்டாள். வேறு வழி இருந்திருந்தால் கேட்டிருக்கமாட்டாள்.

ஆனா சாருக்கு முகம் மலர்ந்தது. சோதனை என்று வந்துவிட்டால் அவர் வேறு மனிதர். "செய்யலாம். ஆனா உள்ள இருக்கறது யாருன்னு மேஸ்திரிக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அவர் கை நடுங்கும், அதுலயே ஈடு கெடலாம்."

நிலையத்திலிருந்து கணுக்கால்வரை தொங்கும் வெள்ளைக் கோட்டுகளும், தொப்பியும், முகமூடியும், கண்ணாடியும் வந்தன. தினமும் ஆனா சார் வெளியறையில் ஒரு சீட்டு எடுப்பார். சீட்டில் அக்கா வந்தால் அக்கா உள்ளே போவாள். வாயாடி வந்தால் வாயாடி போவாள். ஓயாத பேச்சால் பட்டறையில் அந்தப் பெயர் வாங்கியவள்; பொதி கட்டும் பெண்களில் அக்காவின் உயரமும் பருமனும் உள்ளவள் அவள் ஒருத்திதான். வெற்றுச் சீட்டு வந்தால் யாரும் போக வேண்டாம். போகிறவள் தொட்டியருகே ஈடு முடியும்வரை பேசாமல் நிற்க வேண்டும்.

"பேசவே கூடாதா சார்?" என்றாள் வாயாடி.

"கூடாது."

"அதுக்கு என்னைக் கொன்னே போட்டிருக்கலாம்."

ஆனால் பேச முடியாத குறையைக் காலில் தீர்த்துக்கொண்டாள். அக்காவின் நடை பட்டறை முழுக்கப் பிரசித்தம். யாரையோ கண்டிக்கப் போகிற அவசரத்தில், குதிகால் தரையைக் குத்தப் போவாள். வாயாடி தன் சீட்டு வந்த நாளெல்லாம் அதே நடையில் உள்ளே போனாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அக்காவின் முறை வந்தபோது வேறு ஒன்று நடந்தது. கதவைத் தாண்டியதும் அவள் கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை. தொட்டியில் சிவப்புப் பால் அசையாமல் பளபளத்தது. 'ஒருவேளை நான்தானோ?' அடிமேல் அடிவைத்து, சுவரோரமாகவே போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். முகமூடிக்குள் மூச்சை எண்ணி எண்ணி விட்டாள். தன் பாதிச் சொத்தில், திருட வந்தவள்போல் நின்றாள்.

மூன்றாவது வாரம் நிலையத்தின் டைரக்டரே வந்துவிட்டார். சிறு தொழிலோடு கைகோத்த சாதனையைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேமராக்காரரையும் கூட்டி வந்தார். "உள்ள போறவங்க கோட்டு போடணும் சார்" என்றார் ஆனா சார். டைரக்டர் போட்டுக்கொண்டார். தொப்பி, முகமூடி, கண்ணாடி எல்லாம் ஏறியபிறகு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டைரக்டரும் அக்கா உயரம்தான். பதவியில் இருப்பவர் ஆகையால் அவருக்கும் யாரையோ கண்டிக்கப் போகிற நடை. முகம் தெரியாத படத்தை எடுத்து என்ன பயன் என்று கேமராக்காரர் வெளியிலேயே உட்கார்ந்துவிட்டார். டைரக்டர் மட்டும் குதிகால் அதிர உள்ளே போய், தொட்டியை மேற்பார்வை பார்த்துவிட்டு வந்தார்.

முடிவு சொல்ல எல்லோரையும் வெளியறையில் பலூன் மூட்டைகள் மேல் உட்காரவைத்தார் ஆனா சார். டைரக்டருக்கு மட்டும் நாற்காலி. அக்கா உட்காரவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். 

"அக்கா உள்ள இருந்த நாட்கள்ல ஈடு நல்லா வந்திருக்கு. ஒரு தடவைகூடக் கெடல."

அக்கா அசையவில்லை. 'ஆனா'வுக்காகக் காத்திருந்தாள்.

"ஆனா வாயாடி அம்மா உள்ள இருந்த நாளெல்லாம் கெட்டிருக்கு."

"ஐயையோ!" வாயாடி மூட்டையிலிருந்து சரிந்தே விட்டாள். "எனக்கு என்ன சார் குறை? என் வீட்டுக்காரர் உயிரோட இருக்காரு! கூடவே இருக்காரு! எங்கயும் போகாம, வேலைக்குக்கூடப் போகாம, குத்துக்கல்லாட்டம் இருக்காரு!"

"அப்புறம்..." ஆனா சார் தொண்டையைச் செருமினார். "டைரக்டர் சார் வந்த அன்னைக்குத்தான் ரொம்ப மோசம். தொட்டியோட கொட்ட வேண்டியதாப் போச்சு."

டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். "என்னய்யா சொல்ல வர்றீங்க? முப்பது வருஷ சர்வீஸ்ல என்னைப் பார்த்து ஒருத்தன் ராசியில்லாதவன்னு சொன்னதில்ல!"

"கோபப்படாதீங்க சார்" என்றாள் அக்கா. "உங்களுக்கு ரெண்டு நிமிஷமாத்தான் இப்படி இருக்கு. எனக்கு ரெண்டு வருஷமா."

டைரக்டர் மெல்ல உட்கார்ந்தார். தம்பி தரையைப் பார்த்தான்.

"கெட்டுப்போன பால்ல இருந்த திப்பியை லேப்ல கரைச்சுப் பார்த்தோம்" என்று தொடர்ந்தார் ஆனா சார். "உப்பு. சமையல் கல்லுப்பு. ரப்பர் பாலுக்கு உப்பு ஆகாது, பட்ட இடத்துல திரிஞ்சு கட்டிக்கும். ஆனா உப்பு இங்க எப்படி வந்துச்சுன்னுதான் தெரியல."

மேஸ்திரியின் கை, அவரைக் கேட்காமலே, அவர் சட்டைப் பையை மூடியது. அறையில் எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

"கெடுதல் எதுவும் வரக் கூடாதுன்னுதான்..." என்றார் மேஸ்திரி. "எங்க வீட்டுல எதுக்கும் உப்புதான் போடுவோம். அக்கா வந்தா மட்டும், பாலைக் கிண்டிப் பார்க்கற சாக்குல யாருக்கும் தெரியாம ஒரு கைப்பிடி. தொட்டியைக் காப்பாத்தத்தான் போட்டேன்."

"தொட்டிக்குள்ளயா?"

"பக்கத்துல போட்டா வேலை செய்யுமோ செய்யாதோன்னு..."

"முதல் நாளும் போட்டீங்களா?" என்றாள் அக்கா.

"முதல் நாள் கரன்ட் போனதுல கெட்டுப்போச்சு. அதுக்கு அப்புறம்தான் உப்பு. உப்பு போட்டும் கெட்டுப்போகவே, அடேயப்பா, இது லேசுப்பட்ட ராசி இல்லைன்னு, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் கூடப் போட்டேன்."

வாயாடிதான் முதலில் சிரித்தாள். "அப்போ டைரக்டர் சாரை?"

"அந்த நடை... அக்காதான்னு சத்தியமே பண்ணியிருப்பேன்மா. அன்னைக்கு ரெண்டு கைப்பிடி."

"நிஜமாவே நான் வந்தப்ப ஏன் போடல?" என்று கேட்டாள் அக்கா.

மேஸ்திரி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "அது நீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. அக்கா அப்படிப் பயந்து பயந்து சுவரோரமா நடந்து நான் பார்த்ததே இல்லையே."

சிரிப்பு நின்றுபோனது. அக்காவின் கண் நிறைந்து, அது வழிவதற்குள் கோபம் முந்திக்கொண்டது.

தம்பிக்கும் கோபம் வந்தது. மற்றவர்மேல் படலாம் என்றால் எல்லோருக்கும் சீக்கிரம் வருகிற கோபம். "இன்னையோட கணக்கை முடிச்சுக்கிட்டுக் கிளம்புங்க மேஸ்திரி!"

"அவர் எங்கயும் போக மாட்டார்" என்றாள் அக்கா. "அவரை அனுப்பினா உப்பு போயிடும். உன்னை எங்கடா அனுப்பறது? அவர் போட்டது உப்பு. நீ போட்டது கதவு."

"தெரியாம நடந்துடுச்சுக்கா."

"தானா நடக்கல. நீ நடத்தின. சாவியை எடு."

தம்பி சாவியை நீட்டினான். மன்னிப்பும் கேட்டான், சாவியைவிடக் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் சின்னக் குரலில். அக்கா இரண்டையும் வாங்கிக்கொண்டாள். மன்னித்தாளா என்று சொல்லவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் மனிதர்களைப் பற்றி நல்லவிதமாக நினைத்துக்கொண்டு தூங்கப் போகலாம். முடியவில்லை. உப்பு நின்றது, ஈடுகள் வரிசையாக நன்றாக வந்தன, மொத்த வியாபாரி குழைந்தார். ஒரு மாதம் கழித்து அக்கா கொஞ்சம் தாமதமாக வந்தாள். மேஸ்திரி தொட்டியருகே கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அச்சுகள் காற்றில் தொங்கின.

"ஏன் இன்னும் இறக்கல?"

"நீங்க வரட்டும்னுதான். உங்க கால் பட்டா ஈடு ஓஹோன்னு வருதுக்கா. நல்ல ராசி."

அக்கா அவரையே பார்த்தாள். வெளியறையில் பெண்களும், "ஆமாக்கா, நீங்க கொஞ்சம் தொட்டி பக்கத்துல நின்னுட்டுப் போங்க" என்றார்கள். தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டு, "நான் நம்பலக்கா. ஆனாலும் நின்னா என்ன குறைஞ்சுபோச்சு?" என்றான்.

"உங்களை எல்லாம் ஒரே தொட்டியில முக்கி எடுக்கணும்" என்றாள் அக்கா. கெட்ட ராசி என்று வெளியே நிறுத்தியபோது வந்ததைவிட இப்போது அதிகமாக ஆத்திரம் வந்தது. அன்று அவள் பேச்சு எடுபடவில்லை. இன்று அவள் வேலையும் எடுபடவில்லை. பால் வடிகட்டியது, சூட்டைச் சரிபார்த்தது, திப்பி பார்த்தது எல்லாம் அவள் கால் செய்ததாம்.

மறுவாரம் பெரிய ஆர்டர் ஒன்று. அந்தச் சமயம் பார்த்து நிலையத்தில் பயிற்சி. பலூனில் பட்ட உதை டைரக்டருக்கு உறைத்திருந்தது. அந்த வட்டாரத்துக் கையுறைப் பட்டறை, குழாய்ப் பட்டறை, மிதியடிப் பட்டறைக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, பாலை எப்படிச் சோதிப்பது என்று ஆனா சாரை விட்டே சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். தம்பி போவதாகத்தான் இருந்தது.

"நான் போறேன்" என்றாள் அக்கா.

தம்பி பதறினான். "பெரிய ஆர்டருக்கா! நீ இல்லாம எப்படி?"

"அதுக்குத்தான் போறேன்."

நிலையத்தில் அவளால் பாடத்தைக் கவனிக்க முடியவில்லை. ஒரு கண் ஆனா சார் மேல், ஒரு கண் போன் மேல். கெட்டுப்போனால் ஆர்டர் போகும். போவதுகூடப் பெரிதில்லை. அவள் சாகிறவரை அந்தத் தொட்டிக்குக் காவல் பொம்மையாக நிற்க வேண்டும்.  மாலை போன் அடித்ததும் வராந்தாவுக்கு ஓடினாள்.

"எப்படிடா வந்துச்சு?"

"நல்லா வந்திருக்குக்கா. ஒரு ஓட்டை இல்ல. மேஸ்திரிக்கே நம்ப முடியல."

"நான் இல்லாமயா?"

"நீ இல்லாமதான்."

வராந்தாவில் யாரும் இல்லை. அக்கா சுவரில் சாய்ந்துகொண்டு தனியாகச் சிரித்தாள். வாழ்நாளில் யாரும் அவளை இவ்வளவு பாராட்டியதில்லை.

"அக்கா, லைன்ல இருக்கியா? அப்போ... நாளைக்கு நீ வருவியா, மாட்டியா?"

"வருவேன்டா. அந்தச் சூட்டடுப்புல ஒரு பக்கம் வேகறதே இல்ல. அதைப் பிரிச்சுப் போடணும். மேஸ்திரியைக் காலையிலயே திருப்புளியை எடுத்து வெக்கச் சொல்லு."